ஆளுக்கு ஐம்பது கல்

முழுதாக வளர்ந்த ஓர் ஆள் நன்றாக எரிந்தால் இரண்டரைக் கிலோ எலும்புச் சாம்பல் மிஞ்சும். ஒரு கல்லுக்கு ஐம்பது கிராம் போதும். ஆகவே ஆளுக்கு ஐம்பது கல். பத்துக்குப் பத்தில் ஓர் அறை கட்ட இரண்டாயிரத்து ஐந்நூறு கல் வேண்டும்; அதாவது ஐம்பது பேர். இந்தக் கணக்கைச் சொல்லாமல் மேலே எதையும் சொல்ல முடியாது என்பதால் முதலில் சொல்லிவிடுகிறேன். அருவருப்பாக இருந்தால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். எனக்குப் பதினாறு வருடமாக அருவருப்பாகத்தான் இருக்கிறது. நான் நிறுத்தவில்லை.

விருத்தாசலத்துக்கு மேற்கே, தண்ணீரைப் பார்த்து வெகுகாலமான மணிமுத்தாற்றைத் தாண்டினால் எங்கள் சூளை. அங்கே நான் பரிசோதனைப் பிரிவு. ஒரு வேக்காட்டுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு கல் வெந்து இறங்கும். அதில் பத்தை எடுத்து, ஒவ்வொன்றாக உலையின் வாயில் பொருத்துவேன். உள்முகத்தில் ஆயிரத்து நூறு டிகிரி நெருப்பு, நான்கு மணி நேரம். பிறகு வெளிமுகத்தில் உள்ளங்கையை வைப்பேன். விடிகாலையில் சிமெண்டுத் தரையைத் தொட்டதுபோல் இருக்கும். கருவியில் முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது காட்டும். நாற்பத்தைந்தைத் தாண்டினால் அந்த வேக்காடு முழுவதையும் தேறவில்லை என்று எழுதிவிடுவேன். தேறாத கல் சூளைத் தொழிலாளிகளுக்கு, வரிசைப்படி. வருடத்துக்கு ஒரு வேக்காடு தவறினால் அதிகம்.

வாங்க வருகிறவர்களுக்கு முதலாளி தெய்வசிகாமணியே விளக்குவார். வெளிமுகத்தில் எலுமிச்சை அளவு வெண்ணெயை ஒட்டிவைத்துவிட்டுப் பேச ஆரம்பிப்பார்.

“சாதாச் செங்கல்லு பகல் பூரா சூட்டக் குடிச்சிட்டு ராத்திரி பூரா நம்ம மேல துப்பும். இது குடிக்கவே குடிக்காது. எலும்புக்குள்ள கண்ணுக்குத் தெரியாத ஓட்டைங்க கோடிக்கணக்குல இருக்குது பாருங்க, நெருப்பு அதுக்குள்ள நொழஞ்சி வழி தெரியாம நின்னுடும்.”

அவர் பேசி முடிக்கும்போது வெண்ணெய் வைத்தது வைத்தபடி இருக்கும்.

முதலில் மாட்டெலும்புதான் போட்டோம். அப்புறம் மாடுகள் இல்லாமல் போயின. கத்திரி வெயில் ஐம்பதைத் தொட்ட வருடத்தில் அரசாங்கம் ஒரு சட்டம் போட்டது: காடாற்றுக்குக் குடும்பத்தார் ஒரு கலயம் எலும்பு எடுத்துக்கொள்ளலாம், மீதி பஞ்சாயத்துக்குச் சொந்தம், பஞ்சாயத்து அதை விற்கலாம். எலும்பைச் சுவராக வைத்து நடுவில் யாராவது சோறு தின்பார்களா என்று நினைத்தேன். ஒரு கோடை முழுக்க யாரும் வரவில்லை. அடுத்த கோடையில் ஐம்பத்திரண்டு அடித்தது. அதற்குப் பிறகு வந்தவர்களில் ஒருவர்கூட, இது எலும்பாமே என்று முகம் சுளிக்கவில்லை. வேறொன்று கேட்டார்கள்.

அதை முதலில் கேட்டவர் ஒரு ரைஸ் மில்காரர். கல்லைத் தடவிப் பார்த்தார். தடவிய கையை மோந்து பார்த்தார். எந்தச் சுடுகாட்டுச் சாம்பல் இது என்றார். தெய்வசிகாமணிக்கு இமைகூட ஆடவில்லை. “உங்களுதுதாங்க. அடுத்தவன் எலும்ப உங்க செவுத்துல வெப்பனா?” என்றார். மில்காரருடைய முகம் அப்படியே தெளிந்தது.

பிரித்து வைக்கத் தனியாக ஓர் ஆள்கூடப் போட வேண்டியிருக்கவில்லை. எங்கள் பக்கத்தில் எந்த ஊரை எடுத்தாலும் மூன்று சுடுகாடு. அரசாங்கம் எரிவாயுத் தகனமேடை கட்டிக் கொடுத்தபோதும் ஊருக்கு மூன்றாகத்தான் கட்டிக் கொடுத்தது. ஆகவே சாம்பல் தனித்தனி மூட்டையாகவே வந்து இறங்கியது. ஈர மண்ணாக இருக்கும்போதே கல்லின் பக்கவாட்டில் முத்திரை குத்தினோம். ஒரு வகையறாவுக்குச் சங்கு, இன்னொன்றுக்கு வில், இன்னொன்றுக்குக் கதிர். வாங்கியவர்கள் சுவரைப் பூசாமலே விட்டார்கள், முத்திரை வரிசை தெருவுக்குத் தெரியட்டும் என்று. என் ஆட்களுக்கு வில். காலனிச் சாம்பலுக்கு முத்திரை கிடையாது. அந்த வெறுங்கல் சென்னையில் கம்ப்யூட்டர்களை அடுக்கிவைக்கும் கட்டடங்களுக்குப் போகும். மெசினு கேக்காது என்பார் முதலாளி. மிச்சத்தில் எங்களுக்குக் குடியிருப்பு கட்டிக் கொடுத்தார். நான் இருப்பது அதில்தான்.

சாம்பல் வரவைப் பார்ப்பவன் கொளஞ்சி. ஆலத்தடி காலனிக்காரன், முப்பது வயது. சல்லடையில் சலித்து, காந்தம் ஓட்டி, சாம்பலில் கிடக்கும் ஸ்குரு, முழங்கால் தகடு, வளையல் கம்பி எல்லாவற்றையும் பொறுக்கி எறிந்துவிட்டு, எந்த மூட்டை எந்தத் தெரு என்று சீட்டு ஒட்டுவது அவன் வேலை. எல்லாத் தெரு எலும்பையும் அளைந்தது அவன் கைதான். அதில் மட்டும் யாருக்கும் ஆட்சேபணை இருந்ததில்லை. என்னை மேடம் என்பான், பதினொரு வருடமாக. அக்கா என்று கூப்பிடேன் என்று நான் சொன்னதும் இல்லை.

இரண்டு வருடம் முன்பு கத்திரியின் ஒன்பதாம் நாள் அவனுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அரசு ஆஸ்பத்திரியில் குளிர்ந்த கட்டில்கள் வெயில் அடித்து விழுந்தவர்களுக்கே போதாத சமயம். பிரசவம் பார்த்து அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தகரக் கூரைக்குக் கீழே ஐம்பத்து மூன்று டிகிரி. குழந்தை மேல் ஈரத்துணி போட்டுக்கொண்டே இருக்கச் சொன்னாள் நர்ஸ். துணி காய்கிற வேகத்துக்குத் தண்ணீர் இல்லை. மறுநாள் மத்தியானம் போய்விட்டது. இப்போது அவன் மனைவி அஞ்சலை மறுபடி உண்டாகியிருந்தாள். கணக்குப் பார்த்தால் இதுவும் கத்திரியில்தான் விழுந்தது.

“ஒரே ஒரு ரூம்பு போதும் மேடம். அந்த இருபத்தஞ்சு நாளு அவளும் புள்ளயும் உள்ள கெடந்துட்டா போதும்” என்று தை மாதம் என்னிடம் வந்து நின்றான். தேறாத கல்லுக்கான வரிசையில் அவனுக்கு முன்னால் எட்டுப் பேர் இருந்தார்கள். அவன் முறை வருவதற்குள் அந்தக் குழந்தை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிடும். பார்க்கலாம் என்றேன். அந்த வார்த்தைக்கு என்ன பொருள் என்று அவனுக்கும் தெரியும்.

அதே மாதம்தான் ஆலத்தடி சபாபதி வந்தார். மேலத் தெருவில் எட்டு அறை வைத்து வீடு கட்டுகிறார். அத்தனையும் சங்குக்கல்லாக இருக்க வேண்டும், சித்திரைக்குள் வேண்டும். நான்கு வருடச் சங்குச் சாம்பல் ஏற்கெனவே விற்றுத் தீர்ந்திருந்தது. இருப்பதை வைத்து ஓர் அறைதான் தேறும் என்று தெய்வசிகாமணி கையைப் பிசைந்தார். சபாபதி சலித்துக்கொண்டார்.

“எங்காளுங்க முன்ன மாதிரி லேசுல சாவறதில்லப்பா. எல்லாம் உங்க கல்லு வூட்டுக்குள்ள குளுகுளுன்னு உக்காந்துக்கினு தொண்ணூறு வயசு வரைக்கும் கெடக்குதுங்க. போன கத்திரிக்கு மொத்தமே மூணு உருப்படி.”

உருப்படி என்றுதான் சொன்னார். காலனியில் போன கத்திரிக்கு அறுபத்தொரு பேர். அந்தச் சீட்டு என் மேசையில் இருந்தது.

அவர் போனதும் முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். காலனி மூட்டை எவ்வளவு கிடக்கிறது என்று கொளஞ்சியைக் கேட்டார். நிறையக் கிடக்கிறது என்றான். அதில் சங்கு குத்திவிடு என்றார், உப்புக்குப் பதில் இந்துப்பு போடு என்பதுபோல. பிறகு என் பக்கம் திரும்பினார்.

“செங்கமலம்மா, பின்னாடி எவனாச்சும் டெஸ்ட்டு பண்ணிக் கண்டுபுடிச்சிடுவானா?”

“ஆயிரத்து இருநூறு டிகிரியில வெந்த எலும்புங்க. யாரு எவருன்னு எந்த மெசினாலயும் சொல்ல முடியாது.”

“அப்ப அத்தனையும் சங்குதான்னு நீங்க ஒரு சர்டிபிகேட் எழுதிக் குடுத்துடுங்க.”

எழுதித் தருகிறேன், ஆனால் அதில் ஒரு வேக்காடு தேறாது, அது கொளஞ்சிக்கு என்றேன். தெய்வசிகாமணி என்னை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டுச் சிரித்தார். வரிசையில் நிற்கிறவர்கள் கேட்டால் நானே பதில் சொல்லிக்கொள்ள வேண்டும் என்றார். அவ்வளவுதான். ஒரு பொய்க்கு ஓர் அறை.

எனக்கு அன்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. காலனிக்காரன் நிழல் வாசலில் விழுந்தால் தண்ணீர் தெளிக்கிற மனுஷன், ஏழு அறை நிறைய அந்தக் காலனியின் செத்தவர்களைச் சுற்றி வைத்துக்கொண்டு தூங்கப் போகிறார். இதைவிட நல்ல தண்டனை எந்தக் கோர்ட்டில் கிடைக்கும் என்று கொளஞ்சியிடம் சொல்லிச் சிரித்தேன். அவன் சல்லடையை ஆட்டுவதை நிறுத்தவில்லை.

“இதுல சிரிக்க என்ன மேடம் இருக்குது. எங்கப்பன் அந்த மூட்டையிலதான் கெடக்கறாரு. அந்தத் தெருவுல செருப்பு போட்டு நடந்தாருன்னு அதே செருப்ப அவரு தலையில வெச்சி நடக்க உட்டாங்க. இப்ப அவங்க குளுர்ச்சியா தூங்கறதுக்கு ராவும் பகலும் நிக்கப் போறாரு. இதுவா தண்டன?”

நான் சர்டிபிகேட் எழுத என் அறைக்குப் போனேன்.

நான் செய்த தவற்றை இந்த இடத்தில் எழுத வேண்டும். அந்த ஒரு வேக்காட்டை மட்டும் முத்திரை குத்தாமல் போடச் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். ஆனால் எங்கள் வேலைக்கு ஒரு வரிசை உண்டு: முதலில் மண், பிறகு முத்திரை, பிறகு நெருப்பு, கடைசியில் நான். பதினாறு வருடம் அந்த வரிசையில் ஓடிய எனக்கு அதைக் கலைக்கத் தோன்றவே இல்லை. இரண்டாயிரத்து ஐந்நூறு கல்லும் சங்கோடு வெந்து வந்தன. தேறவில்லை என்று எழுதினேன். முத்திரை உள்பக்கம் வருகிற மாதிரி வைத்து, மேலே மண்ணைப் பூசிவிடு என்று கொளஞ்சியிடம் சொன்னேன். அப்படியே செய்தான்.

பங்குனிக் கடைசியில் அறை எழுந்தது. பார்க்கப் போனேன். வெளியே நாற்பத்து நான்கு. உள்ளே என் கருவி முப்பது காட்டியது. அஞ்சலை வெறுந்தரையில் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் சொக்குது மேடம், ரெண்டு வருசமா நான் தூங்கவே இல்ல போலிருக்குது என்றாள். அவர்களுடைய அத்தை முறையில் ஒருத்தி, புதுச் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, கத்திரியில் தானும் வந்து இங்கே படுத்துக்கொள்வேன் என்று அஞ்சலையைக் கேலி செய்துகொண்டிருந்தாள். எனக்குச் சொம்பில் தண்ணீர் கொடுத்தார்கள். இப்போதுதான் குடித்துவிட்டு வந்தேன் என்றேன்.

வீடு கட்டியது போக மூன்று கல் மிஞ்சியது. தண்ணீர்ப் பானைக்கு அடியில் வைத்தால் தரைச் சூடு ஏறாது என்று அஞ்சலை அதை அடுக்கி, மேலே பானையை வைத்தாள். மூன்று சங்கும் வெளியே பார்த்திருந்தன. சித்திரை முதல் வாரத்தில் வயிற்றுக் குழந்தையைப் பார்க்க வந்த கிராம நர்ஸ் அதைக் கவனித்தாள். அவளும் மேலத் தெருதான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சபாபதி வீட்டுப் புதுமனை விருந்தில், கொளஞ்சி வீடும் உங்கள் கல்தான், என்ன குளிர்ச்சி தெரியுமா என்று மெச்சிப் பேசியிருக்கிறாள்.

கத்திரியின் ஆறாம் நாள். பொழுது விடிந்ததும் என் வாசலில் சபாபதியின் கார் வந்து நின்றது. எது எங்களது என்று அடையாளம் காட்ட நீங்கள் வர வேண்டும் என்றார்கள். போனேன். காலனியில் நாற்பது ஐம்பது பேர் நின்றார்கள். கையில் கம்போ கடப்பாரையோ இருக்கும் என்று பயந்துகொண்டுதான் இறங்கினேன். கடப்பாரை இரண்டுதான் இருந்தது. மற்றவர்கள் கையில் பால் கேன், மஞ்சள் தண்ணீர்க் குடம், பிரிக்காத புது வேட்டிகள், உதிரிப்பூ. சுத்தமாகக் குளித்து, நெற்றி நிறைய இட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். சபாபதி செருப்பைக் காரிலேயே விட்டுவிட்டு வந்தார்.

“யாரும் பயப்பட வேணாம். ஒரு அடி கிடி கெடையாது. எங்க பெரியவங்க தெரியாத்தனமா இங்க வந்துட்டாங்க, கூட்டிக்கினு போயிடறோம். பானைக்கி அடியில வெச்சிருக்கீங்க, பரவால்ல, தெரியாம செஞ்சது. கூரை போட ஓலை வேணும்னா நானே வாங்கித் தர்றேன்.”

உள்ளேயிருந்து அஞ்சலையின் முனகல் கேட்டது. விடியலிலேயே வலி கண்டுவிட்டது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருந்தார்கள், மத்தியானத்துக்கு முன் வண்டி இல்லை என்று பதில் வந்திருந்தது. கொளஞ்சி நிலைப்படியை அடைத்துக்கொண்டு நின்றான். ரெண்டு நாளு குடுங்க சாமி, புள்ள பொறந்துடட்டும் என்று கும்பிட்டான். சபாபதி அதற்கு வருத்தப்பட்டார். நிஜமாகவே வருத்தப்பட்டார். தீட்டு விழுவதற்கு முன்னால் எடுத்துவிட வேண்டும், அதனால்தான் அவசரம் என்றார்.

பிறகு என்னைப் பார்த்தார். “நீங்க டெஸ்ட்டு பண்ணவங்க மேடம். இது எங்காளுங்கதான? உங்க வாயால ஒரு வார்த்த சொல்லிட்டீங்கன்னா மனசுக்கு ஆறுதலா இருக்கும்.”

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். இது உங்கள் ஆட்கள் இல்லை, இவர்கள் ஆட்கள். போய்ப் பாலை ஊற்றிக் குடியுங்கள் என்று சொல்லிவிட்டால் அந்தச் சுவர் நிற்கும். கொளஞ்சி என்னைப் பார்த்துத் தலையை லேசாக, ஒரே ஒரு தடவை, பக்கவாட்டில் அசைத்தான். எனக்கு முன்னால் அவன் யோசித்துவிட்டான். இது அவர்களுடையது இல்லையென்றால் மேலத் தெருவில் ஏழு அறையில் இருப்பது யார் என்ற கேள்வி அடுத்ததாக வரும். அது தெரிந்தால் இதே ஆட்கள் இதே தெருவுக்குப் பாலோடு வர மாட்டார்கள். காலனியில் நூற்று நாற்பது வீடு. பாதிக்கு மேல் ஓலை.

“ஆமாங்க,” என்றேன். “சங்குதான்.”

அஞ்சலையைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போய் எதிரே அந்த அத்தையின் கூரை வீட்டில் வைத்தார்கள். மேலத் தெருக்காரர்கள் வேலையை ஆரம்பித்தார்கள். கடப்பாரையால் ஒரு மூலையை நெம்பி, கல்லைக் கல்லாக உருவி, மண்ணைத் தட்டி, மஞ்சள் தண்ணீரில் கழுவி, பாலூற்றி, பூ வைத்து, வேட்டியில் அடுக்கினார்கள். ஒவ்வொரு கல்லையும் என்னிடம் காட்டினார்கள், நான் தலையாட்டினேன். எண்பது வயதுக்காரர் ஒருவர் ஒரு கல்லை மார்போடு அணைத்து அப்பா, அப்பா என்று அழுதார். அது கொளஞ்சியின் அப்பாவாகக்கூட இருந்திருக்கலாம். நான் சிரிக்கவில்லை. கழுவின பால் தெரு முழுக்க ஓடியது. ஏழரை மணிக்கெல்லாம் தரை கொதிக்க ஆரம்பித்துவிட, பால் திரிந்து, அந்தப் புளித்த வாடையில் ஈ மொய்த்து, அதன் நடுவில் பெண்கள் குலவை போட்டார்கள். எதிர்வீட்டில் ஒருத்தி பல்லைக் கடித்துக்கொண்டு கத்துவது குலவையில் அமுங்கிப் போயிற்று.

என் குடியிருப்பு அங்கிருந்து மூன்று கிலோமீட்டர். உள்ளே முப்பது டிகிரி. கம்பெனி வேன் ஒரு போனில் வந்துவிடும். இந்த யோசனை எனக்கு வந்தபோது மணி ஏழு. அதை வாய் திறந்து சொன்னபோது மணி ஒன்பது. நடுவில் இருந்த இரண்டு மணி நேரத்துக்கு நான் கணக்குக் கொடுத்தாக வேண்டும். வீட்டில் வேறு யாரும் இல்லை. கணவர் போய் ஆறு வருடமாகிறது. மாமியார் திட்டுவார் என்று சாக்குச் சொல்லக்கூட ஆள் கிடையாது. முன்வாசல் வழியாகக் கொண்டுபோவதா, பின்பக்கமா என்று யோசித்தேன். என் கட்டிலில் ரத்தம் படும் என்று யோசித்தேன். அக்கம்பக்கத்து வில்லுக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று யோசித்தேன். என் வீட்டுச் சுவரில் அந்தக் காலனிக்காரர்கள் நூறு பேருக்குக் குறையாமல் இருக்கிறார்கள். அவர்கள் நடுவில் பதினொரு வருடம் சுகமாகத் தூங்கியிருக்கிறேன். உயிரோடு ஒருத்தியை உள்ளே கூப்பிட எனக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று.

நான் சொன்னபோது எட்டே முக்காலுக்கே பிறந்துவிட்டது என்றார்கள். பெண். அந்தக் கூரைக்குக் கீழே அப்போது நாற்பத்தேழு. கொளஞ்சி என்னை ஒரு தரம் பார்த்தான். குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு வேனுக்கு ஓடினான். என் முன்வாசல் வழியாகத்தான் வந்தார்கள், என் கட்டிலில்தான் படுத்தார்கள். குழந்தை அழவில்லை. நெருப்பில் வாட்டின இலைபோல் உடம்பு துவண்டிருந்தது. இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டு மறுநாள் சாயங்காலம் நான்கு மணி வரை இருந்தது. இந்தக் குளிரு காலையிலேயே கெடச்சிருந்தா என்று அந்த அத்தை ஆரம்பித்தாள். அஞ்சலை அவள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள்.

சபாபதி அந்தக் கற்களை வைத்து மேலத் தெருக் கோடியில் ஒரு மண்டபம் கட்டினார். பத்தே நாளில் முடித்துவிட்டார். உள்ளே யாரும் குடியில்லை. இரும்புக் கதவு போட்டுப் பூட்டியிருக்கிறது. அமாவாசைக்கு அமாவாசை திறந்து படையல் போடுகிறார்கள். சுற்றுவட்டாரத்திலேயே குளிர்ச்சியான இடம் அதுதான். அதைப் பார்த்து வில்லுக்காரர்களும் கதிர்க்காரர்களும் எங்களுக்கும் ஒரு மண்டபம் என்று வந்து நின்றார்கள். தெய்வசிகாமணிக்குத் தலைகால் புரியவில்லை. ஜனங்க இப்ப நல்ல கல்லு கேக்கறதில்ல, ஒசத்தி கல்லு கேக்கறாங்க, புதுசா ஏதாச்சும் ஒண்ணு வேணும் செங்கமலம்மா என்று தினமும் என் அறைக்கு வந்தார்.

கொளஞ்சி பன்னிரண்டாம் நாள் வேலைக்கு வந்தான். சல்லடையைத் தொடுவதற்கு முன் என் மேசையில் ஒரு சின்னத் துணிப் பொட்டலத்தை வைத்தான். எங்கள் பக்கத்தில் குழந்தைகளை எரிப்பதில்லை, புதைப்பதுதான் வழக்கம். நான் நிமிர்ந்து பார்த்தேன்.

“மொத பையனப் பொதச்சேன் மேடம். குழிய வெட்டுனா மண்ணு கொதிச்சிக் கெடந்துச்சி. இவள அதுல வெக்க மனசு வரல.” பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தினான். “ஒரு கல்லுக்குத் தேறுமா?”

நிறுத்துப் பார்த்தேன். அறுபத்திரண்டு கிராம். ஒரு கல்லுக்குப் போதும். அவனே மண்ணைப் பிசைந்து அச்சில் அடித்தான். முத்திரை குத்தவில்லை. வேக்காட்டின் நடுவில் வைத்து எடுத்தோம். மற்ற கல்லெல்லாம் பழுப்பு. இது சங்கைப்போல வெளுத்திருந்தது.

அதோடு விட்டிருக்கலாம். அவன் கையில் கொடுத்து அனுப்பியிருக்கலாம். சூளையிலிருந்து இறங்குகிற எதையும் உலையில் பொருத்திப் பார்க்காமல் என்னால் விட முடியவில்லை. ஆயிரத்து நூறு டிகிரி, நான்கு மணி நேரம். வெளிமுகத்தில் கையை வைத்தேன். கருவியைப் பார்த்தேன். கருவி கெட்டுவிட்டது என்று நினைத்து வேறு கருவி வைத்துப் பார்த்தேன். அறையில் என்ன சூடோ அதே சூடு, ஒரு டிகிரி ஏறவில்லை. உலையை இன்னும் இருநூறு டிகிரி ஏற்றிப் பார்த்தேன். அப்போதும் அதே. ஒரு நாள்கூடப் பாரம் சுமக்காத எலும்பு. அதற்குள் இருக்கிற ஓட்டைகள் எவ்வளவு நுணுக்கமோ, நெருப்பு ஒரு நூல்கூட உள்ளே வரவில்லை. பதினாறு வருடத்தில் அப்படி ஒரு கல்லை நான் பார்த்ததில்லை.

கையை எடுக்கவில்லை. எந்த ஊரில் எந்த மாதத்தில் எத்தனை குழந்தைகள் என்று மனதில் ஓட ஆரம்பித்தது. மேலத் தெருவில் யாரும் கிடையாது. கத்திரி இருபத்தைந்து நாளில் காலனிகளில் மட்டும், சுற்றுவட்டாரம் முழுக்க. குழந்தைகளையும் எரிக்க வேண்டும் என்று ஒரு சட்டம் போட எவ்வளவு நேரமாகும் என்றும் யோசித்தேன். அந்தக் காலனிகளுக்குக் குளிர்ந்த அறை கிடைப்பதை அதற்குப் பிறகு யார் விரும்புவார்கள் என்றும்.

தெய்வசிகாமணி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். உலை வாயில் இருந்த வெள்ளைக் கல்லைப் பார்த்ததும் அவர் கண் அகன்றது. அது என்ன புதுசு என்றார்.

சாம்பல் அளவைக் கொஞ்சம் மாற்றிப் போட்டுப் பார்த்தோம் என்றேன். கருவியை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

“எவ்ளோ காட்டுச்சு?”

“அறுபத்தெட்டுங்க. தேறாது.”

“பாக்க லட்சணமா இருக்குது, ஒண்ணுத்துக்கும் ஆவாதா” என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு, கதிர்க்காரர்களின் மண்டபத்துக்கு எத்தனை வேக்காடு வேண்டியிருக்கும் என்று பேச ஆரம்பித்தார். அவர் எதிரிலேயே அறிக்கையை எடுத்து அறுபத்தெட்டு என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன்.

அவர் போன பிறகு கொளஞ்சி உள்ளே வந்தான். சல்லடை இருக்கும் இடத்திலிருந்து பேச்சு முழுவதும் கேட்கும். துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு உலைப் பக்கம் நின்றான்.

“நெசமாவே தேறலையா மேடம்?”

அவனிடம் சொல்ல வேண்டும் என்று எனக்கு எவ்வளவு தோன்றியது என்பதை எழுதத் தெரியவில்லை. சொன்னால் அஞ்சலையிடம் சொல்வான். அவள் அத்தையிடம் சொல்வாள். அந்தப் பெருமையைச் சொல்லாமல் எந்த அப்பனால் இருக்க முடியும்.

“தேறல, கொளஞ்சி.”

தலையாட்டினான். கல்லை உருவி எடுத்து, முந்தின நாள் துவைத்த துண்டில் வைத்து, நான்கு மூலையையும் சேர்த்து முடிந்தான்.

“பாவம், ஒரு நாளு பொண்ணு,” என்றான். “அது எப்புடி அவ்ளோ சூட்டத் தாங்கும்.”